திரும்பி வந்தவரின் எடை

2012ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், மொனாக்கோ நகரின் குறுகிய தெருக்களில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்திற்கான தகுதிச் சுற்று நடைபெற்றது. ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் மாளிகைகள், இரு மருங்கிலும் இரும்புத் தடுப்புகள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அந்தப் பாதையில் கையகலம் பிசகினாலும் வண்டி நொறுங்கும். அன்று எல்லாரையும்விட விரைந்து ஓட்டியவர் 43 வயது நிரம்பிய மைக்கேல் ஷூமாக்கர். அவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் மறுநாள் அவர் முதலிடத்தில் நின்று புறப்படவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் ஸ்பெயினில், முன்னே சென்ற புரூனோ சென்னாவின் வண்டியில் மோதியதற்காக ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்டிருந்தார். ஆறாவதாகப் புறப்பட்டார், எரிபொருள் அழுத்தம் குறைந்து வண்டி பழுதாகவே, பந்தயத்தை முடிக்காமலே இறங்கினார். அதே குழுவில், அதே வகை வண்டியை ஓட்டிய 26 வயது நிக்கோ ராஸ்பெர்க் இரண்டாவதாக வந்து மேடையேறினார்.

பந்தயக் கணக்கேட்டில் அந்தச் சனிக்கிழமையின் வேகத்திற்கு முதலிடம் என்ற பெயர் இல்லை. அது வேறொருவர் பெயரில் பதிந்துவிட்டது. கணக்கேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது மட்டும்தானா உண்மை? இந்த வினாவைப் பந்தயத்தில் நாட்டமில்லாதவர்களும் சற்று நேரம் எண்ணிப் பார்க்கலாம்.

ஷூமாக்கர் ஏழு முறை உலக வாகையர் பட்டம் பெற்றவர். 1994, 1995 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2000 முதல் 2004 வரை தொடர்ச்சியாக ஐந்தாண்டுகளும் அப்பட்டம் அவருடையது. 91 வெற்றிகளோடு 2006இன் இறுதியில் ஓய்வு பெற்றார். மூன்றாண்டுகள் கழிந்தபின், 2010இல், மெர்ஸிடிஸ் குழுவின் வண்டியில் மறுபடியும் ஏறினார். அவர் முதன்முதலாகக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் கலந்துகொண்ட 1991இல், அவருக்குத் துணையாக இப்போது நிறுத்தப்பட்ட ராஸ்பெர்க் ஆறு வயதுச் சிறுவன்!

விளைவு என்ன? 2010இல் ராஸ்பெர்க் 142 புள்ளிகள், ஷூமாக்கர் 72. 2011இல் முன்னவர் 89, பின்னவர் 76. 2012இல் 93க்கு 49. மூன்றாண்டுகளையும் கூட்டினால் 324க்கு 197. அந்த மூன்றாண்டுகளில் மெர்ஸிடிஸ் குழுவுக்குக் கிடைத்த ஒரே வெற்றியும் ராஸ்பெர்க்குடையது. 2012 ஏப்ரலில் ஷாங்காயில் கிடைத்தது. அன்று அவருக்கு அருகிலேயே முன்வரிசையில் நின்று புறப்பட்ட ஷூமாக்கர், டயர் மாற்றும் இடத்தில் ஒரு சக்கரம் சரியாகப் பூட்டப்படாததால் பாதியில் நிறுத்த நேர்ந்தது.

“ஏன் திரும்பி வந்தார்? இருந்த பெயரோடு இருந்திருக்கலாமே!” என்று உலகம் பேசியது. பேசியவர்களில் அவரை நேசித்தவர்களே மிகுதி.

கார்ப் பந்தயத்தில் ஒருவரின் திறமையை மதிப்பிடுவது கடினம். ஒரு குழுவின் வண்டி போல் இன்னொரு குழுவின் வண்டி இராது. நல்ல வண்டியில் அமர்ந்த நடுத்தர ஓட்டுநர், மட்டமான வண்டியில் அமர்ந்த மேதையை வென்றுவிடுவார். ஆகவே, ஒரே குழுவில் ஒரே வகை வண்டியை ஓட்டும் இருவரை ஒப்பிடுவதுதான் நேர்மையான தராசு என்பது அத்துறையினர் கொள்கை. அதில் நியாயம் உண்டு. ஆனால் தராசு எப்போது உண்மை சொல்லும்? ஒரு தட்டில் இருக்கும் எடைக்கல்லின் எடை நமக்குத் தெரிந்திருக்கும்போதுதான். 2010இல் ஒரு தட்டில் இருந்தவர் வயது ஏறியவர், மூன்றாண்டு இடைவெளியால் கை மாறியவர். அவரது எடை எவ்வளவு குறைந்திருந்தது என்பது எவருக்கும் தெரியாது. மறுதட்டில் இருந்தவரோ அதுவரை ஒரு வெற்றியும் காணாதவர். அவரது எடையும் எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியாத மற்றொன்றால் நிறுத்துவிட்டு, “கிழவர் தேய்ந்துவிட்டார்” என்று தீர்ப்பெழுதினார்கள். “இளைஞர் பெரியவர்” என்று எழுதத் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

இங்கே இளையவருக்கு நேர்ந்த அநீதியைக் கவனியுங்கள். அவர் தோற்றிருந்தால், வயதானவரிடமே தோற்றான் என்பார்கள். வென்றபோதோ, வயதானவரைத்தானே வென்றான் என்றார்கள். இரு பக்கமும் அடிபடும் மத்தளத்தின் நிலை! வண்டியின் எண்ணிற்கூட அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மூத்தவர் ஒற்றைப்படை எண்ணையே விரும்பியதால் 3 அவருக்குப் போயிற்று. 4 இவருக்கு வந்தது. சிறிய செய்திதான். ஆனால் மூத்தவர் ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வரும்போது இளையவர் எழுந்து நின்று நாற்காலியைக் கொடுப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்; கொடுத்தவரின் முகத்தை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

தராசின் கதை அத்தோடு முடியவில்லை. 2013இல் ஷூமாக்கரின் இடத்திற்கு லூயிஸ் ஹாமில்டன் வந்தார். அவர் முன்பே ஒருமுறை உலக வாகையர். அவரது எடை உலகறிந்தது. ராஸ்பெர்க் அவரோடு நான்கு ஆண்டுகள் ஒரே குழுவில் இருந்து, மூன்றாண்டுகள் பின்தங்கி, 2016இல் 385க்கு 380 என்ற கணக்கில் அவரை முந்தி உலக வாகையர் ஆனார். ஆன ஐந்தாம் நாளே ஓய்வையும் அறிவித்துவிட்டார். அதன் பிறகுதான் பலர் பழைய ஏட்டைப் புரட்டினார்கள். அப்படியானால் நாற்பது வயதைத் தாண்டிய ஷூமாக்கர் அன்று எதிர்த்து நின்றது ஒரு சாதாரண இளைஞரையல்ல, நாளைய வாகையரை! அந்த இளைஞரை மொனாக்கோவில் ஒரு நாள் முந்தியது அற்பமான செயலா? 2010இல் நடந்ததன் பொருள் 2016இல் மாறியது. நடந்தது மாறவில்லை, அதைப் பற்றிய நம் தீர்ப்பு மாறியது. ஆறாண்டுகள் பொறுத்திருக்க வேண்டிய தீர்ப்பை ஆறு வாரங்களில் எழுதிவிட்டோம்.

இதே தராசு முன்னொரு முறை வேறு விதமாகவும் சாய்ந்ததுண்டு. ஆஸ்திரிய நாட்டு நிக்கி லாடா, 1976 ஆகஸ்ட் முதல் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் தீயில் வெந்து சாவின் வாயிலுக்குச் சென்றவர். ஆறு வாரங்களில் காயம் ஆறாமலே இத்தாலியில் பந்தயமேறி நான்காவதாக வந்தார். அந்தத் திரும்புதலை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. நான் இங்கே குறிப்பிடுவது அதையன்று. 1979இல், கனடாவில் பயிற்சியின் நடுவே, போதும் என்று வண்டியை விட்டு இறங்கிப்போய், விமான நிறுவனம் ஒன்றை நடத்தியவர், 1982இல் மெக்லாரன் குழுவில் மறுபடியும் வந்து சேர்ந்தார். மூன்றாவது பந்தயத்திலேயே வென்றும் காட்டினார். ஆனால் 1984இல் அக்குழுவுக்கு வந்த அலன் புராஸ்ட் அவரைவிட ஆறு வயது இளையவர். வேகத்தில் அவருக்கு நிகர் நிற்க லாடாவால் இயலவில்லை. தகுதிச் சுற்றுகளில் ஏறத்தாழ எப்போதும் புராஸ்ட்டே முந்தினார். பந்தயங்களில் புராஸ்ட்டுக்கு ஏழு வெற்றி, லாடாவுக்கு ஐந்து.

லாடா என்ன செய்தார்? தன்னால் இனி ஆகாதது எது என்பதை முதலில் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை வேகத்தை இளையவருக்கு விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திற்காக வண்டியைச் செப்பனிடுவதில் முனைந்தார். டயரைக் காத்து, எரிபொருளைக் காத்து, முன்னே செல்பவர்கள் தவறும் வரை காத்திருந்தார். போர்ச்சுகலின் எஸ்டோரில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பதினோராம் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்து சேர்ந்தார். புராஸ்ட் அன்றைய பந்தயத்தை வென்றார். லாடா உலகப் பட்டத்தை வென்றார். 72க்கு 71½ புள்ளிகள்.

அந்த அரைப் புள்ளிக்கும் ஒரு கதை உண்டு. அவ்வாண்டு மொனாக்கோவில் பெருமழையால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டு, வென்ற புராஸ்ட்டுக்கு ஒன்பதுக்குப் பதில் நாலரைப் புள்ளிகளே கிடைத்தன. பந்தயம் முழுவதும் நடந்து அவர் இரண்டாவதாக வந்திருந்தாலே ஆறு கிடைத்திருக்கும். பட்டமும் அவருக்கே போயிருக்கும். ஆகவே லாடாவின் வெற்றியை முழுக்க முழுக்க முதுமையின் ஞானத்திற்கு எழுதிவைப்பதும் நேர்மையன்று. மழைக்கும் அதில் பங்குண்டு.

லாடாவின் காலத்தை விட ஷூமாக்கரின் காலம் கொடியது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஃபெராரியில் கொடிகட்டிப் பறந்த நாள்களில் அக்குழுவின் சொந்தக் களத்தில் வேண்டிய மட்டும் ஓட்டிப் பழகலாம். அவர் திரும்பி வந்தபோது, பந்தயப் பருவத்தில் பயிற்சி ஓட்டமே தடைசெய்யப்பட்டிருந்தது, டயர்களும் மாறிவிட்டன. தொழிலைக் கற்ற முறையே இல்லாமற்போன பின் அத்தொழிலுக்குத் திரும்பினார். 2012இன் முதல் ஏழு பந்தயங்களில் ஐந்தை அவர் முடிக்கவில்லை. அவற்றுள் நான்கிற்குக் காரணம் வண்டியும் குழுவும். ஒன்றிற்கு, அதாவது ஸ்பெயின் மோதலுக்கு, அவரே.

ஆனால் இவற்றையெல்லாம் அடுக்கி அவரை முற்றிலும் விடுவித்துவிட நான் வரவில்லை. அவரது திரும்புதலில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது புள்ளிப் பட்டியலில் இல்லை. 2010 ஆகஸ்ட் முதல் நாள், ஹங்கேரியில் நடந்த பந்தயத்தில் பத்தாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த அவரை முந்த முயன்றவர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ. ஃபெராரியில் ஆறாண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தவர்; 2002இல் ஆஸ்திரியாவில், குழுவின் ஆணைக்குப் பணிந்து, தாம் வென்றுவிட்ட பந்தயத்தைக் கடைசி நொடியில் அவருக்கு விட்டுக்கொடுத்தவர். அத்தகையவரை, மணிக்கு முந்நூறு கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில், சுவரோடு சுவராக ஷூமாக்கர் நெருக்கினார். இரண்டு வண்டிகளும் சுவரும் உரசாமல் தப்பியது மயிரிழையில். எதற்காக? பத்தாம் இடத்திற்காக; ஒரே ஒரு புள்ளிக்காக! அந்த இடமும் கைவிட்டுப் போயிற்று. அடுத்த பந்தயத்தில் பத்து இடங்கள் பின்தள்ளும் தண்டனையும் வந்தது. மறுநாள் தம் செயல் வரம்பு மீறியதென்று ஒப்புக்கொண்டார்.

மெதுவாக ஓட்டியதால் ஷூமாக்கர் சிறுமையடைந்தார் என்பதை நான் ஏற்கவில்லை. பின்னுக்குப் போவதை ஏற்க மறுத்த அந்தக் கணத்தில்தான் சிறுமையடைந்தார். உடல் தளர்வது ஒருவர் குற்றமன்று. தளர்ந்ததை மறைப்பதற்காக இன்னொருவரின் உயிரைப் பணயம் வைப்பது குற்றம். “ஏன் வந்தார்” என்று கேட்டவர்கள் முதலாவதைக் குற்றமாக்கி, இரண்டாவதைப் பழைய வீரத்தின் மிச்சமென்று மன்னித்தார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது.

இருந்த பெயரோடு இருந்திருக்கலாம் என்னும் அறிவுரையில் அன்பு இருக்கிறது. கொஞ்சம் தன்னலமும் இருக்கிறது. அவர் பெயரைக் காப்பதாகச் சொல்லி, நம் நினைவையே காத்துக்கொள்ள விரும்புகிறோம். நாம் இளமையில் கண்ட வீரர் கறைபடாமல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்க வேண்டும். அவருக்கு வயதானால் நமக்கும் வயதாகிவிட்டதென்று தெரிந்துபோகும்! வாப்பா கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாண்டு கழித்து மறுபடியும் கடையில் வந்து அமரும்போது நம் குடும்பங்களில் எழும் முணுமுணுப்பும் இத்தகையதே. கல்லாவில் அமர வந்தாரா, மூட்டை பிரிக்கவும் உதவ வந்தாரா என்று பார்த்த பிறகல்லவா முணுமுணுக்க வேண்டும்? உழைப்பதில் இன்பம் கண்ட ஒருவர், தோற்கக்கூடும் என்று அறிந்தே உழைக்க வருவாரானால், அவர் புகழை அவரிடமிருந்தே காக்க நாம் யார்?

2011 அக்டோபரில் டெல்லி அருகே நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஷூமாக்கர் ஐந்தாவதாகவும் ராஸ்பெர்க் ஆறாவதாகவும் வந்தனர். அதே பந்தயத்தில் பதினேழாவதாக வந்தவர் கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன்; அவரும் 2005இல் ஓட்டிவிட்டுப் போய், 2011இல் திரும்பி வந்தவரே. பதினேழாம் இடத்திற்காக அவர் வந்திருக்கக் கூடாது என்று நம்மில் எவரும் சொல்லவில்லை. சிகரத்தில் இருந்தவர் திரும்புவதற்குத்தான் நாம் தடை விதிக்கிறோம்.

2012 செப்டம்பரில் ஹாமில்டன் வரப்போவதை மெர்ஸிடிஸ் அறிவித்தது. அவரை அழைத்து வருவதில் முன்னின்றவர்களில் ஒருவர் நிக்கி லாடா. திரும்பி வந்து வென்ற முதியவர், திரும்பி வந்து வெல்லாத மற்றொருவரின் நாற்காலிக்கு இளையவரைத் தேடிக்கொடுத்தார். ஷூமாக்கர் சில நாள்களில் தம் இரண்டாம் ஓய்வை அறிவித்தார்.

அவரது கடைசிப் பந்தயம் அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் பிரேசிலில், தூறும் மழையில் நடந்தது. உலகப் பட்டத்திற்காகப் போராடிய செபாஸ்டியன் வெட்டெல், முதல் சுற்றிலேயே மோதுண்டு கடைசிக்குத் தள்ளப்பட்டு, ஒவ்வொருவராகக் கடந்து மேலே வந்துகொண்டிருந்தார். ஜெர்மனியின் கெர்பன் களத்தில் சின்னஞ்சிறு கார்களை ஓட்டிய சிறுவனாக, ஷூமாக்கர் கையால் பரிசு வாங்கியவர் அவர். இறுதிச் சுற்றுகளில் ஷூமாக்கர் ஆறாம் இடத்தில் இருந்தார். பின்னால் வெட்டெல் வந்தார். விளையாட்டில் இது தகுமா என்று முறையிடுவோர் முறையிடலாம். ஹங்கேரியில் பத்தாம் இடத்தையும் விட மறுத்தவர், அன்று தம் வண்டியைச் சற்றே ஒதுக்கி வழிவிட்டார். ஏழாவதாக வந்து முடித்தார். ராஸ்பெர்க் அன்று அவருக்கு வெகுதூரம் பின்னால், பதினைந்தாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார்.