கூட்டமும் மனசாட்சியும்

கொடிய படுகொலை ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போது நம் வாயில் முதலில் வரும் சொல், 'அவர்களெல்லாம் மனிதர்களா?' என்பதே. அந்தக் கேள்வியில் ஓர் ஆறுதலும் ஒளிந்திருக்கிறது. கொன்றவர்கள் வேறு ஏதோ பிறவி, நாமோ மனிதர்கள், ஆகவே அந்தப் பாவம் நம்மை அண்டாது என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

வரலாறு இந்த ஆறுதலை நமக்கு அளிப்பதில்லை. பெருங்கொலைகளில் கை நனைத்தவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள், கடைக்காரர்கள், காவலர்கள், எழுத்தர்கள். மாலையில் வீடு திரும்பிக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள். நேற்றுவரை பக்கத்து வீட்டாருக்கு நெருப்பும் நீரும் கொடுத்தவர்கள். இவர்களால் இது எப்படி முடிந்தது? இக்கேள்வியை எங்கோ தொலைவிலுள்ள நாடுகளை வைத்து ஆராய்வது எளிது. நம் நாட்டிலேயே, ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1948-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை வைத்து ஆராய்வதுதான் நேர்மை.

ஹைதராபாதில் நடந்தது

நாடு விடுதலை பெற்றபோது நிஜாம் இந்தியாவுடன் இணைய மறுத்தார். மக்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்துக்கள், ஆட்சி நிஜாமிடம். காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் என்ற தொண்டர் படை ஊர் ஊராகப் புகுந்து கொள்ளையிலும் கொலையிலும் ஈடுபட்டது. 1948 ஆகஸ்டு மாதத்தில் பைரான்பள்ளி என்ற தெலங்கானா கிராமத்தில் ஒரே நாளில் பலர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில், ரஜாக்கர்களை எதிர்த்து எழுதிய 'இம்ரோஸ்' என்ற உருது நாளிதழின் ஆசிரியர் ஷோயபுல்லா கான் ஹைதராபாத் நகரிலேயே கொல்லப்பட்டார்.

செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. ஐந்தே நாட்களில் நிஜாமின் படை பணிந்தது. 'போலீஸ் நடவடிக்கை' என்று பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அதன் பின்னர்தான் பழிவாங்குதல் தொடங்கியது. மேற்கு மாவட்டங்களில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

நிலைமையை நேரில் கண்டறிய, பிரதமர் நேருவின் விருப்பப்படி, காந்தியவாதியான பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி ஆகியோர் அடங்கிய குழு நவம்பர் இறுதியில் அங்கு சென்றது. பதினாறு மாவட்டங்களுள் ஒன்பதில் அது சுற்றுப்பயணம் செய்தது. சமஸ்தானம் முழுவதிலும் 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் ஆகிய நான்கு மாவட்டங்களே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை. ரஜாக்கர்களின் கொடுமையை அதிகம் அனுபவித்தவர்களும் இந்த நான்கு மாவட்ட மக்கள்தாம் என்றும் குழு பதிவு செய்தது. அன்றைய அரசு அறிக்கையை வெளியிடவில்லை. எண்ணிக்கை குறித்துக் கருத்து வேற்றுமையும் உண்டு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அது பொதுப் பார்வைக்கு வந்தது.

குழு ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1948 டிசம்பர் 9 அன்று, ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலையைத் தடுப்பதற்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாதில் நடந்ததற்கு அந்தச் சட்டச் சொல் பொருந்துமா என்பது சட்ட அறிஞர்களின் வேலை. சாதாரண மனிதன் ஏன் அதில் சேர்ந்தான் என்பதே நம் கேள்வி. எல்லாப் பெருங்கொலைகளிலும் எழுகின்ற கேள்வி அதுதான்.

உளவியல் கூறும் விடை

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். அடுத்த அறையில் உள்ளவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் கூட்ட வேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அலறல் நடிப்பே. சுவிட்சை அழுத்தியவருக்கு அது தெரியாது. ஆயிரத்தில் ஒருவர்தான் இறுதிவரை போவார் என்று மனநல மருத்துவர்கள் எண்ணினர். முதன்மைச் சோதனையில் நாற்பது பேரில் இருபத்தாறு பேர் 450 வோல்ட் வரை சென்றனர்.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, அனுமதி. 'பொறுப்பு என்னுடையது, நீ செய்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் மனிதன் தன் மனசாட்சியை அவரிடம் அடகு வைத்துவிடுகிறான். ஹைதராபாதிலும் இது நடந்தது. தளபதி சௌத்ரியின் பாரபட்சமற்ற தன்மையைப் பாராட்டுகின்ற சுந்தர்லால் குழுவினர், சில இடங்களில் படைவீரர்களே கூட்டத்தைக் கொள்ளையடிக்கத் தூண்டியதையும் மறைக்காமல் எழுதினார்கள். வெளியூர்களிலிருந்து ஆயுதத்துடன் வந்தவர்கள் சில பகுதிகளில் முன்னின்று நடத்தினார்கள். சீருடை அணிந்தவனே கையசைக்கும்போது, ஊர்க்காரனுக்குக் குற்றம் என்ற உணர்வே மங்கிவிடுகிறது.

இரண்டாவது, படிப்படியாக இறங்குதல். முதல் சுவிட்சிலேயே 450 வோல்ட் என்றிருந்தால் பலர் எழுந்து போயிருப்பார்கள். பதினைந்து பதினைந்தாகக் கூட்டியதால் எந்த இடத்தில் நிற்பது என்று தெரியவில்லை. பூட்டிய கடையை உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, பிறகு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொள்வது, பிறகு உடைமைக்காரன் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று எண்ணுவது... ஒவ்வொரு படியும் முந்தைய படியை நியாயப்படுத்துகிறது.

மூன்றாவது, பெயர் மாற்றம். ஆல்பர்ட் பாண்டுரா 1975-இல் வெளியிட்ட ஆய்வில், 'அவர்கள் மிருகங்கள் போன்றவர்கள்' என்ற ஒரு சொல்லைக் காதில் போட்டாலே போதும், மாணவர்கள் அதிக வலிமையான அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். லத்தூரில் காய்கறி விற்றவரும் தையல் தைத்தவரும் ஒரே நாளில் 'ரஜாக்கர்' ஆகிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஊர்ப்புற உழவன் 'துரோகி' ஆகியிருந்தான். முகம் மறைந்து முத்திரை மட்டும் மிஞ்சும்போது கை துணிகிறது.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மில்கிராமின் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்த ஹாஸ்லம், ரைக்கர் என்ற அறிஞர்கள், அம்மனிதர்கள் கண்மூடிக் கீழ்ப்படியவில்லை என்கிறார்கள். விஞ்ஞானம் என்ற உயர்ந்த காரியத்துக்கு உதவுகிறோம் என்று நம்பியே அவர்கள் செய்தார்களாம். இதுதான் நம்மை அதிகம் கலங்கச் செய்ய வேண்டியது. தீமை பெரும்பாலும் தீமையின் வேடத்தில் வருவதில்லை. நீதி, கடமை, மானம், பழிக்குப் பழி என்று நாம் மதிக்கும் சொற்களை அணிந்தே வருகிறது.

விளக்கம் மன்னிப்பு ஆகுமா?

இங்கே ஒரு வாதம் எழும். 'ரஜாக்கர்கள் செய்ததற்கு எதிர்வினைதானே அது? இத்தனை வதைபட்ட மக்கள் கொதித்தெழுந்ததில் என்ன வியப்பு?' வியப்பில்லை. அவர்கள் பட்ட துன்பம் உண்மை. ஆனால் துன்பம் கோபத்தை விளக்குமே தவிர, ரஜாக்கராக ஒருபோதும் இருந்திராத அண்டைவீட்டானைக் கொன்றதை நியாயப்படுத்தாது. 'அவர்கள் தொடங்கினார்கள்' என்ற வாக்கியத்தை உலகில் எல்லாத் தரப்பும் சொல்கிறது. அதையே அளவுகோலாகக் கொண்டால் எந்தக் கொலையும் குற்றமாகாது.

மற்றொரு வாதம் உளவியலின் பெயராலேயே வரும். சூழ்நிலைதான் மனிதனை இயக்குகிறது என்றால், தனிமனிதனைக் குறை சொல்வது எப்படி?

இதற்கான விடை சுந்தர்லால் அறிக்கையிலேயே இருக்கிறது. பல இடங்களில் இந்துக்கள் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் முஸ்லிம் அண்டைவீட்டாரைக் காத்தார்கள் என்று அது பதிவு செய்கிறது. சில ஊர்களில் இந்து நெசவாளர்கள் முஸ்லிம் நெசவாளர்களைக் காக்க முன்வந்து, தங்களுள் சிலரைப் பலிகொடுத்தும் காத்தார்கள். கடத்தப்பட்ட பெண்களை மீட்கவும் பல இந்துக்கள் உதவினார்கள். இவர்களும் அதே மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள். அதே வதந்திகளைக் கேட்டவர்கள். ரஜாக்கர்களுக்கு அதேபோல் அஞ்சியவர்கள். சூழ்நிலை ஒன்றாகவே இருந்தது, செயல் வேறாயிற்று. சூழ்நிலை நம்மைச் சாய்க்கும் காற்று. அது எவ்வளவு வலியதானாலும், காலை ஊன்றி நின்றவன் ஒருவன் இருந்தான் என்றால், நிற்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

எதிர்த்தரப்பிலும் அப்படி ஒருவர் நின்றார். ஷோயபுல்லா கான் முஸ்லிம். ரஜாக்கர்கள் யாருடைய பெயரால் ஆயுதம் ஏந்தினார்களோ, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். 'என் பெயரால் இதைச் செய்யாதே' என்று தம்மவரைப் பார்த்துச் சொல்லும் துணிவே அவரிடம் இருந்தது. பிறரைக் கண்டிப்பதைவிடத் தம்மவரைக் கண்டிப்பது பன்மடங்கு கடினம்.

சபையில் எழுந்த குரல்

கௌரவர் சபையில் திரௌபதி இழுத்துவரப்பட்டபோது அங்கே கொடியவர்கள் சிலரே. பெரியோர்களும் வீரர்களும் கல்விமான்களும் நிறைந்த சபை அது. துரியோதனனின் தம்பி விகர்ணன் எழுந்து 'இது தர்மமன்று' என்றான். அவனைப் புகழ்ந்து சபையில் ஆரவாரமும் எழுந்தது. ஆனால் கர்ணன் அவனைச் சிறுவன் என்று இகழ்ந்ததும் ஆரவாரம் அடங்கிவிட்டது. கைதட்டியவர்களில் ஒருவரும் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நிற்கவில்லை. விகர்ணனும் பின்னர் அண்ணன் பக்கமே போரிட்டு மாண்டான்.

விகர்ணனுக்கு அருகில் இன்னும் இருவர் எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இதற்கு மில்கிராமின் வேறொரு சோதனை விடை தருகிறது. சுவிட்சின் முன் மூவரை அமர்த்தினார். அவர்களுள் இருவர் அவருடைய ஆட்கள். அந்த இருவரும் ஒருவர்பின் ஒருவராக 'இனிச் செய்ய மாட்டேன்' என்று எழுந்துவிடுவார்கள். அப்போது நாற்பது பேரில் நான்கே பேர்தான் இறுதிவரை சென்றனர். இருபத்தாறு, நான்காகக் குறைந்துவிட்டது. அந்த முப்பத்தாறு பேருக்குப் புதிய உபதேசம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த மனசாட்சிக்குத் துணை கிடைத்தது, அவ்வளவே.

நெசவாளர்களின் கதையிலும் இதுவே உட்பொருள். தறியும் நூலும் சந்தையும் பசியும் அவர்களை ஏற்கெனவே ஒருவரோடு ஒருவர் பிணைத்திருந்தன. அபாயம் வந்த அன்று புதிதாக ஒரு துணிவை அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நிற்க ஆட்கள் இருந்தார்கள். காக்கப்பட வேண்டியவனின் முகமும் பெயரும் தெரிந்திருந்தன.

நமக்கு

'நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நெசவாளரைப் போல் நின்றிருப்பேன்' என்று உறுதியாகச் சொல்பவனே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவன். சோதனைக்கு முன் எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள். நாம் செய்யக்கூடியது, கலவரம் வருவதற்கு வெகு முன்பே, சாதாரண நாட்களில் நம்மைப் பழக்கிக்கொள்வது.

ஒரு சமூகத்தையே ஒரு வசைச்சொல்லால் குறிக்கும் வழக்கம் நம் வீட்டு உரையாடலில் இருக்கிறதா என்று கவனிப்போம். கைபேசியில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் விரலை நிறுத்துவோம். முதல் பதினைந்து வோல்ட் அதுவாக இருக்கலாம். நம்மைச் சேராதவர் ஒருவரையேனும் முகமும் பெயரும் குடும்பமும் தெரிந்த நண்பராக்கிக்கொள்வோம். கூட்டத்தில் தனியாக ஒருவர் 'இது தவறு' என்று சொல்லும்போது, மனதுக்குள் பாராட்டிவிட்டுப் பேசாமல் இருக்காமல், எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்போம். முதல் குரலுக்குத் தேவையான பெருந்துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவது குரலாக இருப்பது நம்மில் பலருக்கும் இயலும். விகர்ணனுக்குக் கிடைக்காமல் போனது அந்த இரண்டாவது குரல்தான்.