முதலாளியின் கணக்கு: கத்தோலிக்க சமூகப் போதனையும் தொழிலதிபர் சங்கங்களும்

கிறிஸ்தவத் தொழிலதிபர் சங்கங்கள் என்பவை, ஆலை முதலாளிகளும் நிர்வாகிகளும் தங்கள் தொழிலைக் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடும் அமைப்புகள். வரிச் சலுகை கேட்டு அரசை அணுகுவது வணிகர் சங்கத்தின் வேலை. ஏழைகளுக்கு உதவுவது அறக்கட்டளையின் வேலை. இச்சங்கங்கள் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. கூலி, வேலைநேரம், ஆட்குறைப்பு, இலாபம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கும்போது, அதற்காக அவர் கடவுளுக்கும் தொழிலாளிக்கும் எப்படிக் கணக்குச் சொல்வார் என்பதே அது.

இப்போதனையின் நவீன வடிவம், திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொடங்குகிறது. தனிச்சொத்துரிமையை ஏற்ற அம்மடல், இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்றது. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். தொழிலாளர் சங்கமாகச் சேரும் உரிமையையும் அம்மடல் ஏற்றது. மடல் வருவதற்கு முன்பே, பிரான்சில் லெயோன் ஆர்மெல் (1829–1915) என்ற நூற்பாலை அதிபர் தம் ஆலையில் தொழிலாளர் குழு அமைத்து, நிர்வாகத்தில் அவர்கள் குரலுக்கு இடம் தந்திருந்தார். மடலின் 40ஆம் ஆண்டான 1931இல் ஐரோப்பியக் கத்தோலிக்க முதலாளிகள் ரோமில் கூடினர். இன்று ‘யூனியாபாக்’ என அறியப்படும் பன்னாட்டு ஒன்றியத்தின் தொடக்கம் அதுவே. 1962இல் அது பிற கிறிஸ்தவ சபையினரையும் சேர்த்துக்கொண்டது.

மனித மாண்பு, பொது நன்மை, தோழமை, துணைமை ஆகிய நான்கும் சங்கங்களின் அடிப்படை நெறிகள். இவற்றுள் துணைமை தொழிற்கூடத்துக்கு நேரடியாகப் பொருந்தும்: இயந்திரத்தின் முன் நிற்பவர் தாமே எடுக்கக்கூடிய முடிவை மேலிடம் பறித்துக்கொள்ளக் கூடாது. இலாபம் பாவமாகக் கருதப்படுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய ‘சென்டெசிமுஸ் ஆன்னுஸ்’, இலாபத்தைத் தொழில் நன்றாக நடப்பதற்கான அடையாளமாக ஏற்கிறது. ஆனால் கணக்கு சரியாக இருக்கும்போதே ஆட்கள் அவமதிக்கப்படக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. 2012இல் வத்திக்கானின் நீதி, அமைதிக்கான திருப்பீட அவை வெளியிட்ட தொழில் தலைவர்களுக்கான வழிகாட்டி, உண்மையாகப் பயன்படும் பொருள், மனிதருக்குத் தகுந்த வேலை, நேர்மையாகப் பங்கிடப்படும் செல்வம் என மூன்று அளவுகோல்களைத் தந்தது.

அர்ஜென்டினாவின் என்ரிக்கே ஷா (1921–1962) இந்நெறிக்குச் சொல்லப்படும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. கண்ணாடி ஆலை ஒன்றை நிர்வகித்த அவர், 1952இல் தம் நாட்டில் இத்தகைய சங்கத்தை நிறுவினார். ஆலையில் சுமார் 1,200 பேரை நீக்கும் திட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்றார். புற்றுநோயால் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது தொழிலாளர்கள் இரத்தம் கொடுத்தனர். 2021இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இந்தியாவில் இப்போதனை பரவிய பாதையில் புனே நகருக்குத் தனி இடம் உண்டு. ‘ரேரும் நோவாரும்’ எழுதிய அதே லியோ, 1893இல் இந்தியக் குருக்களின் பயிற்சிக்காகக் கண்டியில் பாப்பிறை குருமடத்தை நிறுவினார். 1955இல் அது புனேக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்பே, 1951இல், இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா இந்திய சமூகக் கழகத்தைப் புனேயில் தொடங்கியிருந்தார். சென்னை லயோலா கல்லூரியின் தலைமைப் பொறுப்பிலும், அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் உறுப்பினராகவும் இருந்தவர் அவர். கழகம் 1963இல் டில்லிக்கு மாறியது. இயேசு சபையினர் 1949இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்வி நிறுவனம், நிர்வாகிகளோடு தொழிற்சங்கத்தினருக்கும் பாடம் நடத்தியது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் கிறிஸ்தவர் 2.3 விழுக்காடு மட்டுமே; ஆலைகளும் பெரும்பாலும் பிறர் கையில். ஐரோப்பாவில் முதலாளிகளின் கூட்டங்கள் சுமந்த போதனையை இங்கே வகுப்பறைகள் சுமந்ததற்கு இது ஒரு காரணம். அவ்வகுப்பறைகளில் சமய மொழி பின்னுக்குப் போய், நியாயக் கூலி, வேலையின் மாண்பு போன்ற பொதுச் சொற்கள் முன்னுக்கு வந்தன.

இச்சங்கங்கள்மீது வைக்கப்படும் முக்கிய ஆட்சேபம், அவற்றின் முடிவுகளுக்குக் கட்டாயம் இல்லை என்பது. மனசாட்சியைச் சோதிப்பவரும் சோதனைக்கு உள்ளாகிறவரும் முதலாளிகளே. அந்த அறையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. போதனையே இதற்கு விடை வைத்திருக்கிறது: பொறுப்பு முதலாளியின் மனசாட்சியோடு நின்றுவிடுவதில்லை. 1981இல் வந்த ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ மடல், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று நிலைநாட்டி, ‘மறைமுக முதலாளி’ என்ற கருத்தையும் முன்வைத்தது. நேரடியாகக் கூலி தராவிட்டாலும், கூலியின் நிலையைத் தீர்மானிக்கும் அரசுக்கும் பிற அமைப்புகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அதன் பொருள்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாகன் வாகனத் தொழிற்பகுதிக்கு இக்கருத்து நன்றாகப் பொருந்தும். அங்கே பெரிய ஆலைக்கு உதிரிபாகம் தருவது சிறு ஆலை. சிறு ஆலைக்கு ஆள் தருவது ஒப்பந்தக்காரர். ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் இருப்பது ஒப்பந்தக்காரரின் பெயர். உதிரிபாகத்தின் விலையைக் குறைக்கச் சொல்லும் பெரிய ஆலை அச்சீட்டில் தென்படுவதில்லை. ஆனால் மடலின் கணக்கில் அதற்கும் பங்கு உண்டு.