கூட்டைத் திறத்தல்

உயிர்களிடத்து அன்பு செய்தல் வேண்டுமென்பதைச் சைவாசிரியர்களாகிய அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், ஓருயிரை அடைத்துக் காத்தல் அன்பா, இடருண்டென அறிந்தும் திறந்துவிடுதல் அன்பா என்னும் வினா எழுமிடத்து, நாளும் மாணவர்க்கு அறம் உரைக்கும் நாமே தடுமாறுகின்றோம். நமது இல்லத்து நிகழ்ச்சியொன்றை முன்னிட்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

மாத்தளைக்கு அணித்தான ஊரொன்றில், பலாவும் கமுகும் மிளகுக்கொடியும் செறிந்த தோட்டத்தில் நாம் வசிக்கின்றோம். முட்டையிடுதல் குன்றியமையால் இறைச்சிக்கென ஒதுக்கப்பட்ட நான்கு பேட்டுக்கோழிகளைப் பண்ணையொன்றிலிருந்து விலைகொடுத்து வாங்கினோம். புலால் உண்ணாத வீட்டிற்குக் கோழி எதற்கென்று அயலார் நகைத்தனர். அந்நகைப்பிற் பிழையில்லை, நான்கை மீட்டதனாற் பண்ணை ஒழிந்துவிடவில்லை.

அவை கம்பிக்கூட்டில் வளர்ந்தவை. அத்தகைய கூட்டில் ஓர் உயிருக்குக் கிடைக்கும் இடம் எத்துணை? ஐரோப்பிய ஒன்றியம் 1999 ஆம் ஆண்டிற் செய்த விதி, கோழியொன்றுக்குக் குறைந்தது 550 சதுர சென்ரிமீற்றர் வேண்டுமென்றது. நாம் வினாத்தாள் அச்சிடும் ஏ4 தாள் அதனினும் பெரிது. அவ்வெறுங்கூடுகள் அங்கே 2012 இல் விலக்கப்பட்டன. பிற நாடுகள் பலவற்றில் இன்றும் உள. 1965 இல் இங்கிலாந்திற் பிராம்பெல் என்பார் தலைமையில் அமைந்த குழு, பண்ணையுயிர்கள் எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதவும், உறுப்புக்களை நீட்டவும் இடம் பெறல் வேண்டுமென எழுதிற்று. இவ்வளவையும் ஓர் அரசாங்கக் குழு எழுதிவைக்க வேண்டியிருந்ததே!

புதிதாய்க் கொணர்ந்த கோழியை உடனே வெளியில் விடலாகாது. ஒரு வாரமேனும் அடைத்துவைத்து, அதுவே தன் தங்குமிடமென அது தேர்ந்தபின், பொழுது சாய்வதற்கு ஒரு மணிநேரம் முன்னதாக, இரையிடாது திறத்தல் வேண்டும். இருளுமுன் அடையிடம் நாடுதல் கோழியின் இயல்பு. தானியத்தைக் குலுக்கினாற் பசியும் அதனை அழைத்துவரும். இம்முறைப்படி எட்டாம்நாள் மாலையிற் கதவைத் திறந்தோம். ஒன்றும் வெளிவரவில்லை. வாயிலில் நின்று மண்ணை நோக்கின. பின் உள்ளே திரும்பின.

கட்டுண்ட உயிர் கட்டினையே தன்னிலையெனக் கருதுமென்று பசுவையும் பாசத்தையும் பற்றி நாம் வகுப்பிற் கூறுவது நினைவிற்கு வந்தது. ஆயின் அவ்வுவமையை நீட்டுதல் தகாது. நீட்டின், கதவு திறந்த நாம் பதியின் பீடத்தில் ஏறியவராவோம். நாமோ, வேலிக்கப்பாற் கீரி இருந்ததையும் அறியாதவர்.

மூன்றாம் மாலையில் ஒன்று இறங்கிற்று, மற்றவை தொடர்ந்தன. மிளகுக்கொடியின் அடியிற் குழிபறித்து, இறகெல்லாம் மண்ணளைந்து குளித்தன. மண்ணே காணாத கோழியும் கம்பித்தளத்தின்மேல் மண்குளிக்கும் அசைவுகளைச் செய்யுமென்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நக்கிள்ஸ் மலைக்காட்டில் திரியும் இலங்கைக் காட்டுக்கோழிக்கும் இவற்றிற்கும் இனவுறவு உண்டு; வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதையோ தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி. காட்டின் வழக்கம் கூட்டிற்குள் மறையவில்லை, இடமின்றி இருந்தது.

இருபதாம் நாள் நான்கிலொன்றைக் கீரி கொண்டுபோயிற்று.

"அப்பா, கூட்டிலேயே இருந்திருந்தால் அது செத்திருக்காதே?" என்று நம் மகள் கேட்டாள். அயலாரும் இனித் திறவற்க என்றனர். பேகன் கதையை உரைக்கும்போதெல்லாம் மாணவனொருவன், "மயிலுக்குப் போர்வை எதற்கு?" என்று கேட்பதுண்டு. வள்ளலின் உள்ளம் பெரிதென்று அவனுக்கு விடையிறுத்து வந்தோம். அவன் கேட்டதோ மயிலைப் பற்றி. கோழிக்கு என்ன வேண்டுமென்பதை மிளகுக்கொடியடியிற் கண்டபின், மீண்டும் கதவடைத்தல் நம் அச்சத்திற்கு மருந்தாகுமேயன்றி அதற்கு நன்மையாகாது.

ஆயினும், இருபது நாள் உரிமையோடு வாழ்ந்ததென்று கூறி மகளைத் தேற்ற நமக்கு நா எழவில்லை. அவ்விருபது நாள் முந்திய ஒன்றரை ஆண்டினும் மேலென்று அக்கோழியின் பொருட்டு நாம் தீர்ப்புரைத்தல் எளிது. போனது அதன் உயிர், நம்முடையதன்று. அன்று தொலைபேசி ஒலித்ததென்று நாம் திண்ணையை விட்டு எழுந்துபோனோம். இயற்கையென்றும் விதியென்றும் பெயரிட்டு இதனை மறைக்கலாகாது. கதவைத் திறந்தவனுக்குக் காவல் குறைவதில்லை. கூட்டின் கம்பி செய்த வேலையும் அவன்மேல் வந்து சேர்கின்றது. "திறந்தது பிழையில்லை, அம்மா, அப்பா எழுந்து போனதுதான் பிழை" என்றோம். அவள் ஒன்றுங் கூறவில்லை.

மறுநாள் மாலை விடைத்தாட் கட்டோடு திண்ணையில் அமர்ந்தோம். மகள் கூட்டைத் திறந்து, வேலியோரம் சென்று நின்றாள். மூன்றும் இறங்கின.