பத்துப் பேர்

ஹரோல்ட் வாக்ஸ்டாஃப் ஹடர்ஸ்ஃபீல்ட் ரக்பி லீக் அணிக்காக முதலில் களம் இறங்கியது 1906 நவம்பரில். வயது பதினைந்து. அவரைச் சேர்த்துக்கொள்ள கிளப் கொடுத்தது ஐந்து தங்க சவரன். பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு ஆடினார். இருபது வயதில் கிளப்பின் அணித்தலைவர்.

*

அதே ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில்தான் 1895-ல் வட இங்கிலாந்து ரக்பி கிளப்புகள் கூடித் தனியாகப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவன் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் தரக் கூடாது என்றது பழைய ரக்பி சங்கம். பிரிந்தவர்கள் நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்றார்கள். ரக்பி லீக் கூலியின் நியாயத்தில் பிறந்தது என்பதாலேயே எனக்கு இதன்மேல் ஒரு மரியாதை.

*

வாக்ஸ்டாஃப் ஆடிய இடம் சென்டர். எதிராளியைத் தன் பக்கம் இழுத்து, அவன் நெருங்கும் கணத்தில் பந்தைப் பக்கத்து ஆளிடம் விடுவதுதான் அங்கே கலை. 1913-14 பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டின் விங் வீரர் (களத்தின் ஓரத்தில் ஆடுபவர்) ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட் 80 ட்ரை போட்டார், அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தார். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அந்த எண்ணைப் பார்க்கும்போது, அவர் கைக்குப் பந்து வந்து சேர்ந்த வழியையும் நினைத்துக்கொள்கிறேன்.

*

1914 ஜூலை 4, சிட்னி. எட்டு நாளில் மூன்றாவது டெஸ்ட். முதலாவதில் வாக்ஸ்டாஃபின் பிரிட்டன் வென்றிருந்தது, இரண்டாவதில் ஆஸ்திரேலியா. பிரிட்டிஷ் அணியில் பலர் உடம்பு தேறாமல் கிடந்த நேரம். ஆட்டத்தைத் தள்ளிப்போடக் கேட்டார்கள். கடமையைச் செய்யுங்கள் என்று இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது.

தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் அடி. டக்ளஸ் கிளார்க் முதலில் கட்டைவிரலை முறித்துக்கொண்டார், கட்டுப் போட்டு ஆடினார். பிறகு காறை எலும்பு முறிந்தது. பில்லி ஹால் தலையில் அடிபட்டு வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். மாற்றுவீரர் என்ற வழக்கமே அன்று கிடையாது. பதின்மூன்று பேருக்கு எதிரே பத்துப் பேர்.

அப்படி நிற்கும்போது எல்லோரும் செய்வது கோட்டருகே ஒடுங்குவதுதான். வாக்ஸ்டாஃப் பந்தோடு பிளந்துகொண்டு போனார். விங்கில் நின்ற சிக் ஜான்சனிடம் தள்ளினார். ஜான்சன் விங் வீரரே அல்ல, ஆள் குறைந்ததால் அங்கே அனுப்பப்பட்ட முன்வரிசைக்காரர். அவர் பந்தைக் காலால் உருட்டியபடியே ஓடி ட்ரை போட்டார். ஆஸ்திரேலியா கடைசிக் கட்டத்தில் இரண்டு ட்ரை போட்டும் முடிவு 14-6.

*

அந்த ஆட்டத்துக்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். 1879-ல் சுலு மண்ணை ஆக்கிரமிக்கப் போன பிரிட்டிஷ் படையின் சிறு பிரிவொன்று தாக்குப்பிடித்த இடம் அது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. சிட்னியில் யாரும் யாரையும் சுடவில்லை. களைத்த சிலர் தங்களுக்குள் கைவிடாமல் நின்றார்கள். அதற்குப் போர்ப்பெயர் எதற்கு?

சரியாக ஒரு மாதம். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் உண்மையான போரில் இறங்கியது. அந்த ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போன லாங்ஸ்டாஃப், ரோமன், ஜார்மன் மூவரும் 1916-ல் மாண்டார்கள்.

*

வாக்ஸ்டாஃப் ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்து எகிப்துவரை போனார். கிளார்க் பாஷண்டேலில் காயமும் விஷவாயுவும் பட்டு, உடல் 95 சதவீதம் பயனற்றது என்ற சான்றோடு திரும்பினார்.

1920-ல் வாக்ஸ்டாஃபின் தலைமையில் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அணியில் கிளார்க்கும் இருந்தார். இம்முறை தொடரை இழந்தார்கள். 1914-ன் வெற்றியைவிட எனக்கு இந்தப் பயணம் பெரிதாகப் படுகிறது.