பொற்கொல்லன் வாதம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் சொல்வது கற்பனை என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு மணி நேரம் நம்பிவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கதைக்கு உதவும் அதே சாமர்த்தியங்கள் ஒரு விளம்பரத்திலோ தேர்தல் பிரசுரத்திலோ புகுந்துகொண்டால்? நம்பவைக்கும்படி அழகாகப் பேசுவதே குற்றமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நான் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். விற்க வந்த கோவலன் தலையில் அந்தப் பழியைப் போட்டுவிட நினைக்கிறான். பாண்டியனிடம் ஓடிப்போய் என்ன சொல்கிறான்? கன்னக்கோல் இல்லாமலே, மந்திரத்தால் காவலரைத் தூங்கவைத்துத் திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். கன்னக்கோல் இல்லாமல் நடந்த களவு என்றால் அரண்மனைக்குள் பழகுகிறவர்கள் மேலல்லவா முதலில் சந்தேகம் போகவேண்டும்? இவனோ தடயம் இல்லாததையே தடயமாக்கிவிடுகிறான்.

காவலர்கள் அவ்வளவு எளிதில் ஏமாறவில்லை. கோவலனைப் பார்த்ததுமே, இவன் கொலைக்குரியவன் அல்ல என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையான எட்டையும் சாஸ்திரம் படித்தவன் போல விளக்குகிறான். எல்லாம் கள்வர்களைப் பற்றிய பேச்சு. கோவலனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! கேட்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நல்லவனாகத் தோன்றுவதே இப்போது கோவலனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இனி அவன் எப்படித் தோன்றினாலும் தப்ப வழியில்லை.

அடுத்தபடியாக, காவலரில் ஓர் இளைஞன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழைக்கால இரவில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதை அது. அது உண்மையாகவே இருக்கட்டும். அதற்கும் எதிரே நிற்பவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பயம் பிறந்துவிட்டது. படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். யோசித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இதனால் அணியும் அலங்காரமும் பொய்யின் சொத்து என்று தீர்மானித்துவிட வேண்டாம். அரசவையில் கண்ணகியும் வெறும் விவரமா சொல்கிறாள்? புறாவுக்காகத் தன்னையே கொடுத்த அரசனையும், பசுவின் கண்ணீருக்காக மகனைப் பலியிட்ட அரசனையும் தன் ஊர்ப் பெருமையாக முன்னே நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறாள். கேட்பவன் நெஞ்சைத் தொடும் வித்தை அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு வருகிறது, உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. தான் சொன்னது பொய்யானால் அந்த இடத்திலேயே பொய்யென்று தெரிந்துவிடும்படி அவள் பேசினாள். பொற்கொல்லன் தன் பேச்சில் அப்படி ஒரு வழி வைக்கவே இல்லை. நேர்மையான வாதத்துக்கும் மற்றதற்கும் உள்ள வேற்றுமை இதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சிலம்பைக் கொலைக்கு முன்பே உடைத்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

மணிமேகலைக் காவியத்தில் இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். சாதிக்க வந்த கூற்றில் வரும் பிழைகள் 9; அவை பக்கப்போலி. காரணத்தில் வரும் ஏதுப்போலி 14. உதாரணத்தில் வரும் திட்டாந்தப்போலி 10. ஆக, உண்மை போல வேஷம் போடும் பிழைகள் 33. சமய உண்மையை ஆராயத்தான் அவள் இவற்றைக் கற்கிறாள். என்றாலும், அவள் கோவலனின் மகள். தகப்பனைக் கொன்றது ஒரு போலி வாதம். மகள் உட்கார்ந்து போலிகளை எண்ணிப் படிக்கிறாள்!

33 வகைகளையும் நாம் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. பொற்கொல்லர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களைத் திருத்துவது என் போன்றவனால் ஆகாது. ஆனால் காவலர்கள் நாம்தானே? ஒரு வாதம் மிகவும் அழகாக, மிகவும் கோபமூட்டும்படி முடியும்போது, வாளைத் தொடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: இவ்வளவு பேச்சிலும் கோவலனைப் பற்றி என்ன சொன்னார்கள்?