கேள்வி கேட்கும் பிள்ளையை வாயடைக்காதீர்கள்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்பு வாலிபர்களே! இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இறந்தவற்றை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என்றார்கள். சூரத்துல் பகராவின் 260-வது வசனத்தில் இது வருகிறது. கேட்டவர் யார்? கலீலுல்லாஹ். நெருப்பில் போட்டபோதும் ஈமான் அசையாதவர். நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை, உள்ளம் அமைதி பெறவே கேட்டார்கள். அல்லாஹ் கோபப்பட்டானா? நான்கு பறவைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவற்றைக் கொண்டே பதில் தந்தான்.

நபிக்கே அனுமதிக்கப்பட்ட “எப்படி” என்ற கேள்வி நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

சில வாரங்களுக்கு முன் ஃபஜ்ர் தொழுதுவிட்டு உக்கடம் பெரியகுளக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அத்தாவின் கையைப் பிடித்து இழுக்கிறான். “அத்தா, அந்தக் கறுப்புப் பறவை ஏன் ரெக்கையை விரிச்சுட்டு அப்படியே நிக்குது?” அத்தா செல்போனில் இருந்து கண்ணை எடுக்காமல், “பேசாம வாடா, தொணதொணன்னு” என்றார். பையன் பேசாமல்தான் போனான். அவன் இன்னும் பத்து தடவை கேட்பான். பிறகு கேட்க மாட்டான். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு, “ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை, ஓதிப் பாருங்கள்” என்று நம்மிடம் கூட்டிவருவார்கள். நாட்டம் இருந்தது. அதை அணைத்தது யார்?

அந்தப் பறவை நீர்க்காகம். வாத்தின் மேல் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகோ நனையும். நனைவதால் உடல் மிதப்பது குறைகிறது, ஆழத்தில் முங்கி மீன் பிடிப்பது எளிதாகிறது. கரைக்கு வந்ததும் வெயிலில் சிறகை விரித்து உலர்த்திக்கொள்கிறது. பறவைகள் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் பார்க்கவில்லையா என்று சூரத்துல் முல்க்கின் 19-வது வசனத்தில் அல்லாஹ் கேட்கிறான். தினமும் இரவில் முல்க் ஓதுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஓதிய நாம் பார்க்கவில்லை. ஓதத் தெரியாத பையன் பார்த்தான்.

சரி, அந்த அத்தாவுக்குப் பதில் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரியாதவர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு நம் ஊர்ப் பக்கமே ஒரு பெயர் இருக்கிறது. ஆனைக்கட்டி போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. 1990-இல் தொடங்கப்பட்டது. யார் அந்த சாலிம் அலி?

1896-இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயும் தகப்பனும் மவ்த்தாகிவிட்டார்கள். எத்தீம். தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் கறை. வழக்கமான குருவி போல் இல்லையே, இதைச் சாப்பிடலாமா என்று சந்தேகம். மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். அவர் “போடா, குருவின்னா குருவிதான்” என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லியும் அனுப்பியிருக்கலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்ட் என்ற ஆங்கிலேயரிடம் அந்தப் பையனை அனுப்பிவைத்தார். மில்லர்ட் பார்த்தவுடன் மஞ்சள் தொண்டைச் சிட்டு என்றார். பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அன்று திறந்தது பிறகு மூடவே இல்லை.

பெரிய பட்டம் வாங்கியவர் அல்ல. ஜெர்மனியில் பறவையியல் கற்றுத் திரும்பிய 1930-இல் கையில் வேலையும் இல்லை. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் மனைவியோடு தங்கி, தூக்கணாங்குருவிக் கூடுகளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நம் தோட்டங்களில் கிணற்று ஓரம் தொங்குமே, அதே கூடுதான். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி வைக்கும், பெண் வந்து பார்க்கும், பிடித்தால்தான் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூடு கட்டப் போய்விடும், இன்னொரு பெண்ணுக்காக. தலைமுறை தலைமுறையாக நாம் அண்ணாந்து பார்த்தும் கவனிக்காத இதை, வேலையில்லாத ஒரு மனிதர் எழுதிவைத்தார். 1941-இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் இன்றும் விற்கிறது. அவருடைய தொழுகை, வணக்கம் எப்படி என்று பேச நான் வரவில்லை. அது அவருக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. அந்த மாமாவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தெரியாமல் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் ஹதீஸ் உண்டு. அபூதாவூதில் வருகிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, கூடாது என்றார்கள் உடன் இருந்தவர்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் சொன்னார்கள். ஒரு உயிர் போனது, கேட்காமல் சொன்ன ஒரு பதிலால்.

எல்லா ஆவலும் நல்லதா என்றால், இல்லை. அடுத்த வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள், தம்பி வியாபாரத்தில் எவ்வளவு நஷ்டம் என்று துருவுவது தஜஸ்ஸுஸ். சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்துவிட்டான். பிள்ளையின் கேள்விக்கு நேரமில்லாத நமக்கு இதற்கு மட்டும் நேரம் கிடைக்கிறது!

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சின்னப் பையன். ஒரு சிறு பறவையோடு விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது அந்தப் பறவையைப் பற்றி அவரிடமே விசாரிப்பார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இவ்வளவு சிறிய இந்த ஹதீஸில் இருந்து அறுபது பாடங்களை எடுத்து தனி நூலே எழுதினார் இப்னுல் காஸ் என்ற ஷாஃபியீ இமாம். உம்மத்தின் சுமையெல்லாம் தோளில் இருந்தவர், குழந்தையின் பறவையைப் பற்றிக் கேட்க நேரம் வைத்திருந்தார்கள்.

இந்த வாரம் உங்கள் மகனோ மகளோ எதையாவது கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “அத்தாவுக்குத் தெரியலை கண்ணு, தெரிஞ்சவங்ககிட்ட போலாம் வா” என்று எழுந்திருங்கள். டீச்சரிடம் போங்கள், லைப்ரரிக்குப் போங்கள். மார்க்கக் கேள்வி என்றால் இங்கே என்னிடம் கூட்டிவாருங்கள். மக்தபில் நம் உஸ்தாத்மார்களிடமும் சொல்லியிருக்கிறேன், கேள்வி கேட்ட பிள்ளையை எழுப்பி நிற்கவைக்கக் கூடாது.

ரப்பனா, எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் இல்மைக் கொடுப்பாயாக, ஆமீன்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.