ஏரி தூர்வாரலும் இல்லறத்தார் அகிம்சையும்

அட்சய திருதியை நன்னாளில் நம் சிற்றூர் ஜினாலயத்தில் அபிஷேக ஆராதனைகள் நிறைவுற்றுக் கரும்புச்சாறு வழங்கப்பட்டபின், வெளியூர்களினின்றும் வந்த அன்பர்களும் உள்ளூரினரும் மண்டபத்தில் அமர்ந்து ஊர்ப்பொதுக் காரியங்களைப் பேசுதல் நெடுநாளைய வழக்கம். ஆதிபகவனாகிய விருஷபதேவர் நெடுநாள் உண்ணாதிருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச்சாற்றை ஏற்றருளிய நாள் அது. கோடையில் வரும் அந்நாளில் ஏரி வற்றிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருக்கும். ஆகவே கோயிற் கணக்குக்கு அடுத்தபடியாக ஏரிப் பேச்சு எழுவது இயல்பு. கரையில் எங்கே அரிப்பு, மதகு ஒழுகுகிறதா, நீர்வரத்துக் கால்வாயை மறித்தவர் யார் என்று தொடங்கி, இவ்வாண்டு தூர் வாருவதா வேண்டாவா என்பதில் அப்பேச்சு வந்து நிற்கும்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, "பாட்டி, மண்ணிலும் நீரிலும் ஓரறிவுயிர்கள் உண்டு என்று எங்களுக்குக் கற்பித்தீர்கள். ஏரியைத் தோண்டினால் அவையெல்லாம் அழிந்துபோகாவா? இது அறமா, பாவமா?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, "ஊருக்கு நன்மை என்றால் அதில் பாவம் ஏதப்பா?" என்று கூறி அவரை அமரச் செய்துவிட்டார். கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றது. அவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் அதே வினாவை 1983-ஆம் ஆண்டிலேயே நம்மிடம் ஒருவர் கேட்டிருந்தார். அன்று நாம் கூறிய விடையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

முந்தைய ஆண்டு மழை பொய்த்து, அவ்வாண்டுக் கோடையில் ஏரி பிளந்து கிடந்தது. ஊரார் எல்லாரும் கூடித் தூர் வாருவதென்று முடிவாயிற்று. நாம் உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தமையால் வசூல் கணக்கு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வீடு வீடாகச் சென்றபோது நம் அத்தை மட்டும் பணம் தர மறுத்துவிட்டார். "மண்ணுக்கும் உயிர் உண்டென்று பள்ளியில் நீதானே சொல்லிக் கொடுக்கிறாய்? அந்த மண்ணை வெட்ட என்னிடமே காசு கேட்கிறாயே" என்றார். நாம் நூலறிவைக் கொண்டு வாதாடினோம்.

அவ்வாதத்தைச் சுருக்கமாக இங்கே கூறிவிடலாம். துறவோர்க்குரிய மகாவிரதம் வேறு. இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் வேறு. இம்சையை நம் ஆன்றோர் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்தனர். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது முதலாவது. சமைத்தல், வீடு கட்டுதல் போன்றவற்றில் நேர்வது இரண்டாவது. உழவு முதலிய தொழில்களில் நேர்வது மூன்றாவது. தற்காப்பில் நேர்வது நான்காவது. இல்லறத்தார் அறவே விலக்க வேண்டியது முதல் வகை. ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். உழவுத் தொழிலை மக்களுக்குக் கற்பித்தவரே விருஷபதேவர்தாம். உழவுக்கு நீர் வேண்டும். நீர் நிற்க ஏரி வேண்டும். ஏரி நிலைக்கத் தூர் வாரவேண்டும். கணக்கு எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது! அத்தையார் மறுமொழி கூறவில்லை, பணமும் தரவில்லை.

பணி ஒரு மாதத்திற்கு மேல் நடந்தது. அக்காலத்தில் நம் பக்கத்து ஊர்களுக்குப் பொக்லைன் வந்திராமையால் மண்வெட்டியும் கூடையும் மாட்டுவண்டியுமே கருவிகள். வண்டலை வயலுக்கு ஏற்றிச் சென்றோர் பலர். அதனினும் சிறந்த எரு இல்லை என்பது உழவர் அறிந்ததே. இறுதியாக மதகடியில் ஒரு பள்ளம் மட்டும் எஞ்சியது. ஏரியின் மிச்சமிருந்த நீரெல்லாம் அங்கேதான். அந்நீரில் ஏரியின் மிச்சமிருந்த உயிர்களும் இருந்தன. மாலைதோறும் மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. மழைக்குமுன் மதகடிச் சேற்றையும் எடுத்துவிட வேண்டுமாயின் பள்ளத்தை இறைக்க வேண்டும். பணிக்குழுவினர் கூடி ஒவ்வொருவராகக் கருத்துரைத்தனர். எண்ணெய் என்ஜின் வாடகைக்குப் பணம் இருக்கிறதா என்று நம்மைக் கேட்டனர். இருக்கிறது, இறைத்துவிடலாம் என்று நாமும் கூறினோம்.

இரண்டு என்ஜின்கள் ஓரிரவும் மறுநாள் நண்பகல்வரையும் ஓடின. மீன் உண்போர் தமக்கு வேண்டியவற்றை எடுத்துச் சென்றனர். அது அவர்தம் வழக்கம், அதில் நாம் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் எடுத்தவை சில, கிடந்தவை பல. விரால் போன்றவை சேற்றுக்குள் புதைந்தன. அச்சேற்றையே மண்வெட்டிகள் எடுத்தன. குஞ்சுகளும் நத்தைகளும் வெயிலில் கிடந்தன. நம் மாணவர் சிலர் ஆமைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே விடுவதென்று தெரியாமல் கரையில் நின்றனர். பொழுது சாயும் வேளையில் அத்தையார் ஒரு பித்தளைக் குடத்துடன் வந்து சேற்றில் இறங்கினார். துடித்துக்கொண்டிருந்த சிறு மீன்களைப் பொறுக்கிக் குடத்திலிட்டுக் கோயிற் குளத்திற்குக் கொண்டு சென்றார். அவ்வாறு எத்தனை முறை நடந்தார் என்று நாம் எண்ணவில்லை. நம்மைக் கடந்தபோது ஒரு சொல்லும் சொல்லவில்லை. மழையோ, மேலும் பல நாள் கழித்தே பெய்தது. நாம் அவ்வளவு விரைந்திருக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நம் வினா உண்மையில் தொடங்குகிறது. மண்ணை வெட்டியதை உத்தியோகி இம்சை எனக் கொள்ளலாம். பள்ளத்தை இறைத்தது எவ்வகை? கொல்ல நினைத்தோம் அல்லோம். ஆயினும் சாகும் என்று அறிந்திருந்தோம். வகைப்பாடு என்பது மனம் தன்னைத் தானே ஆராய்வதற்கு ஆன்றோர் தந்த கருவி. நாம் அதனை விடுதலைச் சீட்டாகப் பயன்படுத்திக்கொண்டோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தையே, அதாவது விழிப்பின்மையையே, முதலில் வைக்கிறார். உயிர் போனதா என்பதற்கு முன், கருத்தோடு இருந்தாயா என்பதே அங்கு எழும் கேள்வி. அவசரமும் ஒரு விழிப்பின்மைதானே? சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டகம், பயனின்றி மண்ணைத் தோண்டுதலையும் நீரை வீணே கலக்குதலையும் பிரமாத சரியை எனத் தனியே எடுத்து விலக்குகிறது. சுவேதாம்பர மரபின் உபாசகதசாங்கமோ, இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து பிழைப்புகளுள் ஏரி குளங்களை வற்றச் செய்தலையும் ஒன்றாக வைத்துள்ளது. அதனைப் படித்த அன்று நமக்கு என்ஜின் ஓசை மீண்டும் கேட்டது.

இனி, அந்த வினை யாருடையது? என்ஜினை ஓட்டியவர் கூலிக்கு ஓட்டினார். குழுத்தலைவர் குழு கூறியதைச் செய்தார். நாம் பணம் இருக்கிறதென்று கூறினோம். அவ்வளவே என்று பல ஆண்டுகள் நம்மைத் தேற்றிக்கொண்டோம். ஊர் கூடி எடுத்த முடிவில் ஒரு வசதி உண்டு: நன்மையில் ஒவ்வொருவரும் தம் பங்கைக் கேட்பர், தீமையில் பங்கு நூறாகப் பிரிந்து ஒருவருக்கும் இல்லாமற் போய்விடும். நம் ஆகமக் கணக்கு இவ்வகுத்தலை ஏற்பதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வந்து சேரும் வழிகளை விரிக்கிறது. எண்ணித் துணிதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. பள்ளியில் இதனை நாம் பெருக்கற்கணக்காகவே பலமுறை கொடுத்திருக்கிறோம்! செய்தவர்க்கும், செய்வித்தவர்க்கும், தலையசைத்தவர்க்கும் தனித்தனியே கணக்கு எழுதப்படுகிறது. ஒன்று மற்றொன்றைக் குறைப்பதில்லை. ஒருவர் செய்ததன் பயன் பலரைச் சேர்வதையும், பலர் செய்ததன் பயன் ஒருவரைச் சேர்வதையும் அமிருதசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் ஆராய்ந்திருக்கிறார். கூட்டத்தில் உயர்ந்த கைகள் எத்தனையோ, அத்தனை கணக்குகள்.

அவ்வாறாயின் விலகி நின்ற அத்தையார் தூயவரா? இதையும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அவ்வாண்டு ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. அந்நீரில் விளைந்த நெல்லை அவரும் உண்டார். தூர் வாராமலே விட்டிருந்தால் ஏரி மேடாகி, ஆண்டுதோறும் நீர் முன்னதாகவே வற்றி, அவர் காப்பாற்றிய உயிர்களுக்கே இடமில்லாமற் போயிருக்கும். பணம் தர மறுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் வாதம் வலுவற்றது. ஆனால் அவர் குடத்துடன் வந்தாரே! பணம் தந்த நம்மில் ஒருவரும் வரவில்லை. அன்று நாம் ஓர் இரவு பொறுத்து, பள்ளத்தின் ஒரு பாதியை விட்டுவைத்திருந்தால் போதும். அதனைக் கூற அக்கூட்டத்தில் ஒருவர் வேண்டியிருந்தது. கூறத்தக்கவரை நாம் கூட்டத்திற்கு அழைக்கவேயில்லை.

ஊர் முழுவதும் ஒரு விரதத்தை ஏற்று நிற்க இயலுமா என்று ஐயுறுவோர் உளர். நம் பகுதிக்கு அணித்தேயுள்ள வேடந்தாங்கலில் பறவைகளை ஊராரே தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். 1798-ஆம் ஆண்டளவிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்ற ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாகிறது, ஆகவே காக்கின்றனர், இதில் அறம் எங்கே என்பார் சிலர். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எருக் கணக்கு பெரியவர்க்குத் தெரியும். மத்தாப்பை விட்டுக்கொடுக்கும் குழந்தைக்கு அக்கணக்கு எதுவும் தெரியாது. அவர்கள் சமணர் அல்லர். நமக்கோ தீபாவளி மகாவீர பகவான் நிர்வாணம் எய்திய நாள். அந்நாளில் நம் தெருக்களில் கேட்கும் ஓசையைப் பற்றி இங்கு அதிகம் எழுத விரும்பவில்லை.

குடிமராமத்து அரசு உதவியோடு 2017-ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கப்பட்டபின் ஏரிப்பணியில் இயந்திரங்கள் மிகுந்தன. மாட்டுவண்டி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக எடுத்ததைப் பொக்லைன் மூன்று நாளில் எடுத்துவிடுகிறது. சேற்றடியில் உறங்கும் தவளையும் நத்தையும் விலகிச் செல்ல அவகாசம் இல்லை. ஆகவே சென்ற ஆண்டுக் கூட்டத்தில், அந்த இளைஞர் அமர்ந்தபின் நாம் எழுந்து சிலவற்றைக் கேட்டுக்கொண்டோம். மதகடிப் பள்ளத்தை இறைக்கக் கூடாது. உள்வாயை ஒரே ஆண்டில் முழுதும் தோண்டாமல் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் தோண்ட வேண்டும். பறவைகள் அடையும் கருவேல மரங்களை விட்டுச் சீமைக் கருவேலத்தை மட்டும் அகற்ற வேண்டும். முனிவர்கள் சாதுர்மாஸ்யம் தொடங்கும் ஆடிக்குமுன் பணி நின்றுவிட வேண்டும். முதல் மூன்றும் ஏற்கப்பட்டன. நான்காவதை ஒப்பந்தக்காரர் வசதிப்படி பார்க்கலாம் என்றனர். பணி ஆடி பிறந்தும் பத்து நாள் நடந்தது.

ஏற்கவும் படாமல் மறுக்கவும் படாமல் நிற்பது மீன்பாசிக் குத்தகை. ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பகுதி கரைச் செப்பனுக்குச் செலவாகிறது. மீன் உண்ணாத நாம், மீன் பிடித்த காசில் உயர்ந்த கரைக்குக் கீழே உழுகிறோம். இதுவும் உடன்படுதல் அன்றோ? நம்மவர் பொருள் திரட்டிக் குத்தகையை ஏலத்தில் எடுத்து, வலை வீசாமல் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வலையை நம்பி நம் ஊர் ஏரிக்கரையில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வயிற்றை ஒட்டவைத்து நம் விரதத்தை நிறைவு செய்துகொள்வது எவ்வகை அகிம்சை என்று நாம் கேட்டோம். இளைஞர் நம்மை ஆமோதித்தார்; பெரியவர் இம்முறை வாய் திறக்கவில்லை. அவர்கள் மூவரையும் அழைத்துப் பேசாமல் இதனை முடிவு செய்யலாகாது என்ற அளவில் கூட்டம் கலைந்தது.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் தேரும் முறையைப் பொறித்து வைத்துள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் ஏற இயலாது. நம் ஊர்க் கூட்டக் குறிப்பேட்டில் முடிவுகள் மட்டுமே எழுதப்பட்டு வருகின்றன. வரும் அட்சய திருதியையன்று குத்தகைப் பொருள் எடுக்கப்படும்போது, உடன்பட்டவர் யார், உடன்படாதவர் யார் என்று பெயர்களையும் எழுத வேண்டுமென அந்த இளைஞரிடம் கூறியிருக்கிறோம். அதற்கென ஒரு புதிய நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.